வாசி இல்லாத காசு



சென்ற மாத ஞாயிறு வகுப்பு முடிந்து, பிரசாதச் சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு சேரப்போகும் தம்பி ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அங்கிள், உண்மையைச் சொல்லுங்க. ஓரியண்டேஷன் அன்னைக்கு யூனியன், சொசைட்டி, கிளப்னு வரிசையா பூத் போட்டிருப்பாங்களாம். ஹால்ல ரூம் வேணும்னா பாயிண்டு வேணும், அதுக்காகச் சேர்ந்துடுன்னு சீனியருங்க சொல்றாங்க. அந்தப் பாயிண்ட விட்டுட்டா, மாணவர் சங்கம்னு ஒண்ணு எதுக்கு?"

நான் உடனே பதில் சொன்னேன். தலைமைத்துவம் வளரும், நாலு பேர் பழக்கம் கிடைக்கும், மேடைக் கூச்சம் போகும் என்று. அவர் மரியாதையாகத் தலையாட்டினார். வேலைக்கான நேர்முகத் தேர்வில் மனப்பாடமாக ஒப்பிக்கிற பதிலைக் கேட்டவர் போல இருந்தது அந்தத் தலையாட்டல். சுண்டல் தீர்ந்ததும் எழுந்து போய்விட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கே வெட்கமாக இருந்தது. நான் சொன்ன மூன்றும் உண்மைதான். ஆனால் மூன்றுமே 'உனக்கு என்ன கிடைக்கும்' என்பதைப் பற்றியவை. தம்பி கேட்டது அது இல்லையே. சங்கம் எதற்கு என்று அல்லவா கேட்டார். அடுத்த வகுப்பில் அந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டு பேசினேன். அன்று வராதவர்களுக்காக அதை இங்கே எழுதித் தருகிறேன்.

முதலில் ஒரு கதை. பெரியபுராணத்தில் வருவது. பலருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தவர்களும் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள், ஏனென்றால் இந்தக் கதையில் நாம் வழக்கமாக வேகமாகத் தாண்டிப் போகிற ஓர் இடம் இருக்கிறது.

திருவீழிமிழலை என்று ஓர் ஊர். இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் அடியார் கூட்டத்தோடு வந்து தங்கியிருக்கிறார்கள். ஒருவர் சிறு பிள்ளை, இன்னொருவர் முதியவர். சம்பந்தர் 'அப்பரே' என்று கூப்பிட்ட உறவு அது. அந்த நேரம் பார்த்து மழை பொய்க்கிறது. பஞ்சம். வயல் காய்ந்து, ஊரில் அடுப்பு எரியவில்லை. தம்மை நம்பிக் கூட வந்த அடியார்கள் பசியோடு இருக்கிறார்களே என்று இருவரும் வருந்துகிறார்கள். அன்று இரவு இறைவன் இருவர் கனவிலும் வந்து, பஞ்சம் தீரும்வரை ஆளுக்கு ஒரு பொற்காசு தினமும் கோயிலில் வைக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறான். கிழக்குப் பீடத்தில் சம்பந்தருக்கு ஒன்று, மேற்குப் பீடத்தில் அப்பருக்கு ஒன்று. அதற்குப் பெயர் படிக்காசு. அந்தக் காசைக் கொண்டு அரிசி பருப்பு வாங்கி, இரண்டு மடத்திலும் அடியார்களுக்கு அன்னம் பாலிக்கிறார்கள்.

இதுவரைக்கும் எல்லோரும் சொல்லுவோம். இனிமேல் வருவதுதான் நான் சொன்ன இடம்.

அப்பர் மடத்தில் சாப்பாடு நேரத்துக்கு நடக்கிறது. சம்பந்தர் மடத்தில் மட்டும் தாமதமாகிறது. பசியோடு காத்திருப்பவர்களைப் பார்த்த பிள்ளை, சமையல் செய்பவர்களைக் கூப்பிட்டுக் கேட்கிறார், 'ஏன் இப்படி?' அவர்கள் சொல்கிறார்கள்: நீங்கள் தரும் காசைக் கடைக்குக் கொண்டு போனால் வணிகர்கள் வாசி கேட்கிறார்கள். அப்பர் சுவாமிகளின் காசுக்கு வாசி கிடையாது, உடனே மாற்றிச் சரக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

வாசி என்றால் என்ன என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். முஸ்தபா பக்கம் பணம் மாற்றும் கடையில் நின்றிருப்பீர்கள். போர்டில் இரண்டு விலை போட்டிருக்கும், வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை ஒன்று. நடுவில் இருக்கிற வித்தியாசம் நம் கைக்கு வராது. ஏறக்குறைய அதுதான் வாசி. காசு முழுக் காசாகத்தான் தெரியும். கடையில் நீட்டும்போதுதான் குறையும்.

ஏன் ஒரே கடவுள் கொடுத்த இரண்டு காசில் ஒன்றுக்கு வாசி இருந்தது? அப்பர் கையில் உழவாரப்படை பிடித்து, கோயில் கோயிலாகப் புல் செதுக்கிய கைத்தொண்டர், அதனால் அவருக்கு வந்தது வாசி இல்லாத காசு என்பதுதான் சேக்கிழார் காட்டும் காரணம். பெரியவர்கள் இதற்குப் பலவிதமாக விளக்கம் சொல்வார்கள். பிள்ளைக்குக் கொடுக்கும் காசு வேறு, வேலை செய்தவருக்குக் கொடுக்கும் கூலி வேறு என்பார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது சம்பந்தர் அதற்கு அடுத்துச் செய்தது. அவர் கோபப்படவில்லை. 'கணக்கைக் காட்டு' என்று சமையல்காரரை மிரட்டவில்லை. என் காசில்தான் குறை இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டு, நேரே சந்நிதிக்குப் போய், வாசி நீக்கித் தர வேண்டும் என்று பதிகம் பாடினார். மறுநாளிலிருந்து இரண்டு மடத்திலும் ஒரே நேரத்தில் இலை போட்டார்கள். ஞானப்பால் உண்ட பிள்ளை, சமையலறையில் ஏன் தாமதம் என்று விசாரித்தது பாருங்கள், அதைத்தான் நாம் தாண்டிப் போய்விடுகிறோம்.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம்.

மாணவர் சங்கத்துக்கும் படிக்காசு உண்டு. சந்தா வருகிறது, பல்கலைக்கழகம் நிதி கொடுக்கிறது, சிராங்கூன் சாலைக் கடைக்காரர்கள் மலரில் விளம்பரம் கொடுக்கிறார்கள், அறை இலவசமாகக் கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் வயதும் நேரமும் இருக்கிறது, அதற்கு விலையே இல்லை. இவ்வளவும் உள்ளே போகிறது. வெளியே எவ்வளவு வருகிறது? பசித்தவன் இலைக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது? நடுவில் கரைவது எவ்வளவு? கமிட்டி டீ-சர்ட்டுக்கு நிறம் தேர்ந்தெடுக்க மூன்று மீட்டிங். யார் தலைவர், யார் துணைத் தலைவர் என்று இரண்டு வாட்ஸ்அப் குழு, அதில் ஒன்று இன்னொன்றுக்குத் தெரியாது. சிரிக்காதீர்கள், நானும் இருந்திருக்கிறேன். இதெல்லாம் வாசி.

நான் செய்த ஒன்றைச் சொல்கிறேன். பல வருஷமாக இதை மேடையில் சொன்னதில்லை.

எனக்கு அப்போது 22 வயது. நான் படித்த இடத்தில் இந்திய மாணவர் அமைப்பு ஒன்றுக்குச் செயலாளர். ஆண்டு விழாவுக்குப் பெரிய அரங்கம் எடுத்திருந்தோம். நாடகம், நடனம், நினைவு மலர், எல்லாம் தடபுடல். விளக்குப் பொறுப்புக்கு முதலாம் ஆண்டுத் தம்பி ஒருவரைப் போட்டிருந்தோம். அமைதியான பையன். முதல் இரண்டு ஒத்திகைக்கு வந்தார், ஸ்விட்ச் எது எதற்கு என்று நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு வரவில்லை. மூன்று ஒத்திகை தவறினால் நீக்கம் என்று விதி வைத்திருந்தோம். விதியை எழுதியவனே நான்தான், அதில் எனக்குப் பெருமை வேறு. அமைப்பின் முத்திரை போட்ட தாளில், 'தங்கள் வருகைக் குறைவின் காரணமாக' என்று தட்டச்சு செய்து அவர் வீட்டுக்குத் தபாலில் அனுப்பினேன். விழா பிரமாதமாக நடந்தது. கைத்தட்டலில் அரங்கமே அதிர்ந்தது. விளக்கை வேறொருவர் பார்த்துக்கொண்டார்.

ஏழெட்டு வருஷம் கழித்துத் தேக்கா மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். காய்கறிக் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார். அவர்தான் முதலில் என்னை அடையாளம் கண்டு, "அண்ணா, சௌக்கியமா?" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார், காசு கொடுக்க என்னை விடவில்லை. பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அந்த மாதம்தான் அவர் அப்பா பக்கவாதத்தில் விழுந்திருக்கிறார். டாக்சி ஓட்டியவர். வீட்டில் வேறு சம்பாத்தியம் இல்லை. மூன்று மாதம் தாக்குப் பிடித்துவிட்டுப் படிப்பை நிறுத்திவிட்டார்.

"நான் படிப்ப விட்டதுக்கு நீங்க காரணம் இல்லண்ணா, அப்படி நெனைக்காதீங்க" என்றார். "ஆனா அந்த மாசம் காலேஜ் பக்கத்துலேருந்து எனக்கு வந்த ஒரே லெட்டர் அதுதான்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அவர் சாதாரணமாகச் சொன்னார். படிப்பு உதவி நிதிக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று எங்கள் கமிட்டியில் நான்கு பேருக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. சொல்வதற்கு ஆள் இல்லை. ஆள் இருந்தோம், பக்கத்து அறையில் மேளம் வாடகைக்கு எடுப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

இங்கே ஒரு தங்கை கை தூக்கிக் கேட்டார். "அப்ப விழாவே வேண்டாம்னு சொல்றீங்களா அங்கிள்?" நல்ல கேள்வி. இல்லை அம்மா. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவைப் பிள்ளைகள் 'சங்கே முழங்கு' மேடையேற்றும்போது போய்ப் பாருங்கள். படிப்புச் சுமைக்கு நடுவில் இந்தப் பிள்ளைகள் தமிழில் வசனம் மனப்பாடம் செய்து நிற்கிறார்களே என்று கண் கலங்கும். கலையும் அன்னம்தான். அதேபோல, வார இறுதியில் பல்கலைக்கழக மாணவர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் சொல்லிக் கொடுப்பது நம் சமூகத்தில் வெகுநாள் வழக்கம். அதுவும் அன்னம். நான் சொல்வது, விழாவுக்கு வராமல் போன ஒருவர் ஏன் வரவில்லை என்று போய்ப் பார்க்கிற ஆள் அந்தக் கமிட்டியில் இருக்கிறாரா என்பதுதான். அப்படி ஒருவர் இருந்தால் அது சங்கம். இல்லாவிட்டால் அது நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனம், சம்பளம் மட்டும் கிடையாது.

நம் ஊரில் இந்தச் சங்கதி எப்படித் தொடங்கியது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். உங்களில் பலருக்குப் பாட்டி தாத்தா காலத்துக் கதை.

மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து 1949 அக்டோபரில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் பிறந்தது. அங்கே 1956-இல் இந்திய ஆய்வுத் துறை வந்தது. அந்தத் துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று அந்த வருஷங்களில் இங்கே பெரிய இயக்கமே நடந்தது. தமிழ் முரசை 1935-இல் தொடங்கிய கோ. சாரங்கபாணி, 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும் கொடுத்தார், தோட்டத்தில் பால் மரம் வெட்டியவரும் கொடுத்தார். பல்கலைக்கழக வாசலையே மிதிக்காதவர்கள் அவர்கள். தம் பிள்ளை அங்கே போவான் என்ற நிச்சயமும் அன்றைக்குக் கிடையாது. யாரோ ஒருவர் பிள்ளை அங்கே உட்கார்ந்து தமிழ் படிப்பான் என்பதற்காகக் கொடுத்தார்கள்.

சாரங்கபாணி சுயமரியாதை இயக்கத்துக்காரர். நம்மைப் போலக் கோயில் வாசலில் நிற்பவர் அல்லர். இந்தப் பத்திரிகையில் அவரைப் பற்றி எழுதலாமா என்று யாராவது கேட்டால், தாராளமாக எழுதலாம் என்பேன். அவர் திரட்டிய வெள்ளியில் வாசி இல்லை. அப்பர் சுவாமிகளே ஆமோதிப்பார்.

அவர் இன்னொன்றும் செய்தார். தமிழ் முரசில் மாணவர்களுக்கென்று ஒரு பகுதி ஒதுக்கினார், 'மாணவர் மணிமன்றம்' என்று. பிள்ளைகள் எழுதி அனுப்பியதைத் திருத்திப் போட்டார்கள். எங்கோ தோட்டப் பள்ளியில் படிக்கிற பிள்ளையும் சிங்கப்பூரில் படிக்கிற பிள்ளையும் ஒரே பக்கத்தில் பெயர் பார்த்துக்கொண்டார்கள். அது பக்கமாக மட்டும் நிற்காமல் ஊர் ஊராக மன்றமாக வளர்ந்தது. இந்த மண்ணின் தமிழ் எழுத்தாளர்கள் பலர் அங்கே எழுதிப் பழகியவர்கள்தான். கட்டடம் இல்லை, பாயிண்டு இல்லை, சான்றிதழ் இல்லை. ஆனால் 'நீ எழுதியது கிடைத்தது' என்று பதில் வந்தது. தனியாக இருந்த பிள்ளைக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

சீனச் சமூகத்திலும் இதே காலத்தில் இதே கதை. 1953-இல் டான் லார்க் சை முன்னின்று நன்யாங் பல்கலைக்கழகம் தொடங்க வேண்டும் என்று அழைப்பு விடுத்தபோது, செல்வந்தர்கள் மட்டும் கொடுக்கவில்லை, திரிஷா மிதிப்பவர்கள் ஒரு நாள் வருமானத்தைக் கொடுத்தார்கள். அந்தப் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமும் 1980-இல் ஒன்றாகித்தான் இன்று நீங்கள் போகிற தேசியப் பல்கலைக்கழகம் ஆனது. ஆகவே, தம்பி, நீங்கள் ஏர்கான் அறையில் உட்காரும் நாற்காலிக்கு அடியில் மூட்டை தூக்கியவரின் ஒரு வெள்ளியும், திரிஷாக்காரரின் ஒரு நாள் வியர்வையும் இருக்கின்றன. அந்தக் காசை நீங்கள் எப்படிச் செலவழிக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

சங்கம் என்றால் சோறும் துணைப்பாடமும் மட்டுமா, குரல் வேண்டாமா என்றும் கேட்கலாம். வேண்டும். 1954-இல் மலாயாப் பல்கலைக்கழக சோஷலிஸ்ட் கிளப் மாணவர்கள் எட்டுப் பேர், தங்கள் 'ஃபஜார்' இதழில் எழுதிய தலையங்கத்துக்காகத் தேச நிந்தனை வழக்கில் கைதானார்கள். ஃபஜார் என்றால் விடியல். டி. என். பிரிட் வாதாடினார், உடன் இளம் வழக்குரைஞர் லீ குவான் இயூ. ஆகஸ்டு மாதம் எட்டுப் பேரும் விடுவிக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான எட்வின் தம்பு பின்னாளில் இந்நாட்டின் பெயர்பெற்ற ஆங்கிலக் கவிஞரானார். எம். கே. ராஜகுமார் மலேசியாவில் மதிப்புமிக்க மருத்துவரானார். அவர்கள் கொள்கையோடு நான் உடன்படுகிறேனா என்பது வேறு விஷயம். இருபது வயதில் தன்னைப் பற்றி மட்டும் யோசிக்காமல் ஊரைப் பற்றி யோசித்தார்கள், யோசித்ததை எழுதினார்கள், எழுதியதற்குப் பொறுப்பேற்று நின்றார்கள். பிறகு காலம் மாறியது. 1975-இல் பல்கலைக்கழகச் சட்டம் திருத்தப்பட்டு மாணவர் சங்கத்தின் அமைப்பே மாற்றப்பட்டது. அந்த வரலாற்றை நூலகத்தில் தேடிப் படியுங்கள், நான் இங்கே சுருக்கினால் யாருக்காவது அநியாயம் செய்துவிடுவேன்.

எனக்கு இன்று கவலை குரலைப் பற்றி இல்லை. மேசையைப் பற்றி.

வளாக உணவகத்துக்கு மதியம் போயிருக்கிறேன். இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் ஒரு மேசை. தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள் ஒரு மேசை. மலேசியாவிலிருந்து வந்தவர்கள் இன்னொன்று. மூன்று மேசையிலும் தமிழ்தான் பேசுகிறார்கள், மூன்றிலும் தயிர்ச்சோறு இருக்கிறது. ஒருவரையொருவர் என்ன பெயரிட்டுக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதை இங்கே அச்சில் ஏற்ற மாட்டேன். 'அவங்க தமிழ் வேற அங்கிள்' என்று இவர்கள். 'இவங்களுக்குத் தமிழே வராது சார்' என்று அவர்கள்.

நம் வகுப்பு தொடங்கும்போது குருவும் சீடனும் சேர்ந்து சொல்லும் சாந்தி மந்திரம் ஒன்று உண்டு. கடோபநிஷதத்தின் தொடக்கத்தில் வருவது. எத்தனை முறை சொல்லியிருப்போம்! அதில் 'என்னைக் காப்பாற்று' என்று வராது. சமஸ்கிருதத்தில் ஒருமை, பன்மை தவிர இருமை என்று ஒன்று தனியாக உண்டு, தமிழில் அது கிடையாது. அந்த மந்திரம் முழுக்க அந்த இருமையில்தான் நடக்கிறது. எங்கள் இருவரையும் காக்கட்டும், இருவரையும் ஊட்டி வளர்க்கட்டும், இருவரும் சேர்ந்து முயல்வோம் என்று போகும். கடைசியில், சாந்தி சொல்வதற்குச் சற்று முன்னால், எங்கள் இருவருக்குள் பகை வராமல் இருக்கட்டும் என்று கேட்கிறது. படிக்க உட்காரும்போது ஏன் பகையைப் பற்றிய பேச்சு? ஒரே இடத்தில் படிப்பவர்களுக்குள்தான் அது வரும் என்று அந்த ரிஷிக்குத் தெரிந்திருக்கிறது. மார்க்கில் வரும், பதவியில் வரும், யார் தமிழ் நல்ல தமிழ் என்பதில் வரும். இந்து இளைஞர் அமைப்பு வளாகத்துக்குள் போய்ப் பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். அந்த மூன்று மேசையை வாரம் ஒரு நாள் சேர்த்துப் போட்டால் போதும். மேசையைத் துடைக்கிற ஆன்ட்டியின் பெயரையும் தெரிந்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பெயர் என்றதும் அப்பூதியடிகள் ஞாபகம் வருகிறார்.

தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டாங் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை நடந்திருப்பீர்கள். 3 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். காவடி தூக்கியவருக்கு அது முப்பது கிலோமீட்டர். வழியில் தண்ணீர்ப் பந்தலில் நின்று மோர் ஊற்றிக் கொடுக்கிற பிள்ளைகளில் எத்தனையோ மாணவர்கள் உண்டு. திங்களூரில் அப்பூதியடிகளும் இப்படித்தான் பந்தல் வைத்தார். பந்தலுக்குத் தன் பெயர் வைக்கவில்லை, திருநாவுக்கரசு என்று வைத்தார். அவரை நேரில் பார்த்ததே இல்லை! அவ்வழியே தற்செயலாக வந்த அப்பர், பந்தலில் தம் பெயரைப் பார்த்துவிட்டு, உம்முடைய பெயரை வைக்காமல் வேறொருவர் பெயரை ஏன் வைத்தீர் என்று கேட்கிறார். அப்பூதியாருக்கு வந்ததே கோபம்! இப்படிக் கேட்கிற நீர் யார் என்று சாடுகிறார். எதிரில் நிற்பவர் யார் என்று தெரிந்ததும் காலில் விழுகிறார். நம் சங்கங்களில் பேனரில் தன் பெயர் விட்டுப்போனால்தான் அந்தக் கோபம் வருகிறது. போன வருஷம் ஒரு நிகழ்ச்சியில் நன்றியுரை மட்டும் பதினேழு நிமிஷம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே தம்பி, நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் இப்போது சொல்வது இதுதான். உதவி கேட்கத் தெரியாத ஒருவர் எந்த வளாகத்திலும் இருப்பார். அவர் கேட்பதற்கு முன்னால் அவரிடம் போய்ச் சேர ஒரு வழி வேண்டும். தனி ஆளால் எல்லோரையும் பார்க்க முடியாது, கூட்டமாக இருந்தால் முடியும். அதற்குத்தான் சங்கம். ஹால் பாயிண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. சம்பந்தருக்குக் காசு கிடைத்தது தப்பா என்ன?

வகுப்பு முடிந்ததும் அந்தத் தம்பி மறுபடியும் படிக்கட்டுக்கு வந்தார். அன்று கேசரி. "அங்கிள், நம்ம யூத் குரூப் வாட்ஸ்அப்ல 61 பேர் இருக்கோம். ஏழு பேர் மூணு மாசமா எதுக்குமே பதில் போடல, வகுப்புக்கும் வரல. நான் இப்பதான் எண்ணிப் பார்த்தேன்" என்றார்.

"கூப்பிட்டுப் பாருங்களேன்" என்றேன்.

"என்னன்னு சொல்லிக் கூப்பிடுறது? எனக்கு அவங்கள அவ்வளவாத் தெரியாதே."

"சாப்பிட்டீங்களான்னு கேளுங்க."

கேசரித் தட்டைப் படியில் வைத்துவிட்டு முதல் எண்ணை அழுத்தினார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார், ஏன் என்று தெரியவில்லை, கூச்சமாக இருந்திருக்கலாம். நாலாவது மணிக்கு எடுத்தார்கள். மறுபக்கத்தில் ஒரு பெண் குரல், ரொம்ப நேரம் பேசாமல் இருந்து பேசுகிற குரல். "ஹலோ... யாரு?"

தம்பி ஸ்பீக்கரை அணைத்து, ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, தூண் பக்கமாக எழுந்து போனார்.